கோட்டை ஏறிய பாக்ரி

வரலாற்று நாவல்களில் நாயகர்கள் சாப்பிடுவது அபூர்வம். குதிரை ஏறுவார்கள், அகழி நீந்துவார்கள், தீவட்டி வெளிச்சத்தில் இரகசிய ஓலையைப் பிரித்துப் படிப்பார்கள். உலை கொதிப்பதை மட்டும் ஆசிரியர்கள் எழுதுவதில்லை. வந்தியத்தேவனைப் போலப் பசியோடு வந்து சேந்தன் அமுதன் வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறவர்கள் மிகச் சிலர். கோட்டைக் கதைகளிலேயே வளர்ந்தவர்களுக்கு இது பெரிய குறை. புனேக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிங்ககட் மேல் ஏறினால் அந்தக் குறை தீரும்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தக் கோட்டை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தவர்களை முதலில் வரவேற்பது மதில் அல்ல, பூண்டும் கடுகும் தாளிக்கும் மணம். அடிவாரத்துக் கிராமத்தினர் விறகடுப்பு மூட்டி, கையால் தட்டிய பாக்ரியைக் கல்லில் போட்டுக்கொண்டிருப்பார்கள். சோளத்திலோ கம்பிலோ செய்த அந்த ரொட்டியோடு, கடலைமாவைக் கரைத்துக் கொதிக்கவிட்ட பிட்லா, பச்சைமிளகாயையும் பூண்டையும் வேர்க்கடலையோடு இடித்த டேச்சா, சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய், உடைத்த வெங்காயம், சிறு மண்கலயத்தில் உறைந்த தயிர். சிவாஜி மகாராஜாவின் மாவ்ளா வீரர்கள் சாப்பிட்ட சாப்பாடு இதுதான் என்று பரிமாறுகிறவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அதில் பாதி உண்மை. மறுபாதியில் ஆப்பிரிக்கா இருக்கிறது, துருக்கி இருக்கிறது, மெக்சிகோவும் பொலிவியாவும் இருக்கின்றன. எதிரிக்குக் கதவடைத்த கோட்டைகள் அன்னியப் பயிருக்கு ஒருநாளும் கதவடைக்கவில்லை.

முதலில் பாக்ரி. சோளத்தை மனிதர்கள் பழக்கி எடுத்த இடம் இன்றைய கிழக்குச் சூடான். காலம் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. கம்பு, சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் மாலி நாட்டுப் பக்கம் பிறந்தது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பிள்ளை. மூன்றும் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அரபிக்கடலைச் சுற்றியோ கடந்தோ இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தன. கொண்டுவந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கடலோரம் தொட்டுத் தொட்டுப் போன சிறு வணிகர்களும் மீனவர்களுமாக இருந்திருப்பார்கள் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. திமில் வைத்த நம் மாடுகள் இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போயின. இன்று அந்தக் கண்டத்தின் பெரும்பாலான மாட்டு மந்தைகளில் அவற்றின் மரபணு இருக்கிறது. தானியம் இந்தப் பக்கம், மாடு அந்தப் பக்கம்!

இந்தத் தானியங்கள் வேரூன்றுவதற்கு முன் புனே வட்டாரம் என்ன சாப்பிட்டது? புனேயின் டெக்கான் கல்லூரி அகழ்வாளர்கள் 1968 முதல் இனாம்காவ் என்ற ஊரில் ஆண்டுக்கணக்காகத் தோண்டினார்கள். கோட் ஆற்றங்கரையில் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய செம்புக்கால உழவர்களின் குடியிருப்பு அது. அங்கே அடுப்பருகே கிடைத்த கரிந்த மணிகளில் முதலிடம் பார்லிக்கு. பார்லி குளிர்காலப் பயிர், ஆற்றோரம் இருந்தால் பிழைக்கும். ஆறு எட்டாத மேட்டுக்காட்டில், மழையை மட்டும் நம்பி விதைக்க வேறு தானியம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஆப்பிரிக்க விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள், பிறகு எழுந்து போகவே இல்லை. தக்காணத்துக் கரிசல் மண் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். புரட்டாசி ஐப்பசியில் விதைத்த சோளம் அந்த ஈரத்திலேயே, மேலே ஒரு தூறல் கூட இல்லாமல், தை மாசியில் கதிர் முற்றிவிடும். தட்டை மாட்டுக்கு, மணி மனிதனுக்கு.

இங்கே நாவல் வாசகர்களுக்காக ஒரு திருத்தம். முகலாயரிடமிருந்து சிங்ககட்டை மீட்க ஓர் இரவில் சிவாஜியின் தளபதி தானாஜியோடு பாறை ஏறியவர்கள் மாவளப் பகுதி ஆட்கள். சகியாத்ரி மலையின் அந்தப் பள்ளத்தாக்குகளில் மழை கொட்டித் தீர்க்கும். சோளத்துக்கு அது ஆகாது. அங்கே விளைவது நெல்லும் நாச்ணி எனப்படும் கேழ்வரகும். ஆகவே அந்த இரவு அவர்கள் மடியில் ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தால், அது வெள்ளைச் சோளரொட்டியாக இருப்பதைவிடக் கறுத்த கேழ்வரகு ரொட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தருமபுரிக்காரருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் அந்த ருசியை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிட்லா. கொண்டைக்கடலையின் காட்டு மூதாதை இன்றும் துருக்கியின் தென்கிழக்கு மலைகளில் மட்டுமே வளர்கிறது. அங்கிருந்து ஈரான் வழியாக ஹரப்பா நகரங்களுக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கியது. இந்தியாவில் அதற்கு ஒரு இரட்டை வாழ்க்கை உண்டு: மனிதனின் பருப்பு, குதிரையின் தீனி. புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தில் நாற்பது ஆண்டுகள் சுவடிக்காப்பாளராக இருந்த பி. கே. கோடே, குதிரைக்குக் கடலை போடும் வழக்கம் எத்தனை பழையது என்று சமஸ்கிருதச் சுவடிகளையும் பயணிகளின் குறிப்புகளையும் துருவி ஒரு கட்டுரையே எழுதினார். ஜிலேபியின் வரலாற்றையும் அவர் விடவில்லை. இன்று இந்திய உணவின் வரலாறு பேசும் யாரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள்.

கோட்டையில் கடலைமாவுக்கு ஒரு தனி மதிப்பு இருந்திருக்கும் என்று சமையல் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் கெடாது. காய்கறி வேண்டாம். ஒரு சட்டி தண்ணீர், ஒரு பிடி மாவு, உப்பு, பூண்டு. பத்து நிமிடத்தில் பத்துப் பேருக்குக் குழம்பு. சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு மகாராஷ்டிர வீடுகளில் இன்றும் இதைத்தான் கிளறுகிறார்கள்.

கோட்டைக்கு இது சின்ன விஷயம் அல்ல. மலைக்கோட்டையின் உண்மையான எதிரி பீரங்கி அல்ல, பசி. சிங்ககட்டின் பழைய பெயர் கொண்டாணா. 1328-இல் முகமது பின் துக்ளக் அதை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த கோலி இனத் தலைவன் நாக் நாயக் எட்டு மாதம் தாக்குப் பிடித்தான். மதில் இடியவில்லை, களஞ்சியம் காலியாயிற்று, கோட்டை கைமாறியது.

இந்தப் பாடத்தை மராட்டியர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள். சிவாஜியின் அமைச்சராக இருந்த ராமச்சந்திர பந்த் அமாத்யர் பின்னாளில் எழுதிய ‘ஆக்ஞாபத்திரம்’ என்ற அரசியல் நூல், கோட்டை கட்டுமுன் மலையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இல்லையென்றால் பாறையைக் குடைந்து குளம் வெட்ட வேண்டும். ஒரே ஊற்றை நம்பி இருக்கக் கூடாது. சிங்ககட்டின் தேவ் டாக்கே குளத்துத் தண்ணீரை மலையேறிகள் இன்றும் புகழ்வது இந்தக் கவனத்தின் மிச்சம். நிர்வாகமும் அப்படித்தான். ஒவ்வொரு கோட்டையிலும் ஹவல்தார், சப்னீஸ், கார்க்கானீஸ் என மூன்று அதிகாரிகள். சாவியும் படையும் ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம், தானியக் கிடங்கு ஒருவரிடம். மூவரும் வேறு வேறு சாதியினர். கோட்டையை விற்க நினைப்பவன் மூவரையும் விலைபேச வேண்டியிருக்கும். கிடங்குக்காரனைப் படைத்தலைவனுக்கு இணையாக வைத்த அரசு அது.

1665-இல் புரந்தர் ஒப்பந்தப்படி சிவாஜி 23 கோட்டைகளை முகலாயருக்குக் கொடுத்தபோது கொண்டாணாவும் போயிற்று. 1670 பிப்ரவரி 4 இரவு தானாஜி மாலுசரே செங்குத்துப் பாறையில் ஏறி அதை மீட்டார். கோட்டைத் தலைவன் உதயபானும் அவரும் ஒருவர் கையால் ஒருவர் மாண்டார்கள். வீரர்கள் கூரைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தார்கள்; தூரத்தில் ராஜ்கட்டில் இருந்த சிவாஜிக்கு அதுவே செய்தி. கயிறு கட்டிய உடும்பு பாறை ஏறிய கதை பின்னால் வந்த நாட்டுப்பாடகர்கள் சேர்த்தது. சிங்கம் போன்ற தானாஜி இறந்ததால்தான் சிங்ககட் என்ற பெயர் வந்தது என்பதும் கதைதான். 1663-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் 1903-இல் ஹரி நாராயண் ஆப்டே எழுதிய நாவல் தலைப்பிலேயே அந்தக் கதையை நிலைநாட்டிவிட்டது. 1923-இல் பாபுராவ் பெயின்டர் அதை மௌனப்படமாக எடுத்தார். 1933-இல் வி. சாந்தாராம் பேசும்படமாக எடுத்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததில் உடும்பு சாகாவரம் பெற்றது.

தானாஜி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1674-இல், ராய்கட்டில் சிவாஜியின் முடிசூட்டு விழா. கோட்டைச் சமையலைப் பற்றிய மிக அழகான சாட்சியம் அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலேயக் கம்பெனியின் தூதராக ஹென்றி ஆக்சிண்டன் சென்றிருந்தார். கோட்டைவாசிகளின் விருப்ப உணவு அரிசியும் பருப்பும் நெய்யோடு வெந்த கிச்சடி. அது ஆங்கிலேயர் வயிற்றுக்குப் போதவில்லை, ஆட்டிறைச்சி கேட்டார்கள். நாள்தோறும் அதை அனுப்பிக் கொண்டிருந்த கசாப்புக்கார முதியவர், ஒரு நாள் அத்தனை படிகளையும் ஏறி மேலே வந்துவிட்டார். பல ஆண்டுகளில் தான் விற்றதைவிட அதிக இறைச்சியைச் சில வாரங்களில் தின்று தீர்த்த வாடிக்கையாளர்கள் யார் என்று பார்க்க வேண்டுமாம்! இதைப் பதிவு செய்தவர் ஜான் ஃபிரையர் என்ற மருத்துவர். அவர் நூல் 1698-இல் லண்டனில் அச்சானது. பட்டாபிஷேகத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த முதியவரை நாம் அறிவது ஃபிரையரால்தான்.

டேச்சாவுக்கு வருவோம். மிளகாய் மெக்சிகோவின் பயிர். 1493-இல் கொலம்பஸ் அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். மிளகைத் தேடிப் போனவர் வேறொரு காரத்தோடு திரும்பினார். 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் கப்பல்களில் அது மேற்குக் கரைக்கு இறங்கியது. அரசர்களின் ஆதரவு அதற்குக் கிடைக்கவில்லை. 1590-களில் எழுதப்பட்ட ‘அயினி அக்பரி’ அக்பரின் சமையலறைப் பொருள்களை எடை சொல்லி அடுக்குகிறது, அதில் மிளகாய் இல்லை. அதை வளர்த்தவர்கள் ஏழைகள். மிளகுக்கொடிக்கு மலைச்சாரலின் மழையும் நிழலும் வேண்டும், வாங்கக் காசும் வேண்டும். மிளகாயை வீட்டுக் கொல்லையில் தூவினால் போதும், மூன்று நான்கு மாதத்தில் பறிக்கலாம், காயவைத்தால் ஓராண்டு இருக்கும். வடக்கே அது பரவியதில் 18-ஆம் நூற்றாண்டு மராட்டியப் படைகளுக்குப் பங்கு உண்டு என்று உணவு வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அந்தப் படைகள் போன வேகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

வேகம் என்றதும் பாஜிராவ். மஸ்தானியின் காதலராக நாவலிலும் திரையிலும் வாழும் பேஷ்வா. அவரைப் பற்றி வரலாற்றாசிரியர் கிராண்ட் டஃப் ஒரு கதை சொல்கிறார். ஹைதராபாத் நிஜாம் தன் எதிரியின் முகத்தைக் காண விரும்பி, எந்த நிலையில் பார்த்தாலும் அப்படியே வரைந்து வா என்று ஓவியன் ஒருவனை அனுப்பினார். ஓவியன் கொண்டுவந்த படத்தில் சிம்மாசனம் இல்லை. குதிரைமேல் அமர்ந்து, தோளில் ஈட்டியைச் சாய்த்து, பழுத்த சோளக்கதிரை இரு கைகளுக்கும் நடுவே தேய்த்துத் தின்றபடி போகிறார் பாஜிராவ். நிஜாம் கலங்க வேண்டியதுதான். சமையல் வண்டிகளுக்காகக் காத்திராத படையை யார் துரத்துவது? 1728-இல் பால்கேட்டில் அந்தப் படை நிஜாமைத் தண்ணீருக்கும் தானியத்துக்கும் வழியில்லாத இடத்தில் மடக்கியது. அதே பாஜிராவ் 1730 முதல் புனேயில் எழுப்பிய சனிவார் வாடா 1828-இல் எரிந்து போய் அடித்தளமும் மதிலுமாக நிற்கிறது. மஸ்தானியின் பெயரோ புனேயில் ஐஸ்கிரீம் மிதக்கும் மாம்பழப் பாலுக்கு வந்திருக்கிறது. அவள் கதையைப் படித்துக் கண் கலங்கியவர்களும் அதைக் குடித்துப் பார்க்கலாம், ருசியில் குறையில்லை.

வேர்க்கடலை கடைசியாக வந்த விருந்தாளி. பொலிவியா, வட அர்ஜென்டினா மண்ணில் பிறந்து, போர்ச்சுகீசியர், ஸ்பானியர் கப்பல்களில் உலகைச் சுற்றியது. இந்தியாவில் அது வயல் வயலாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். அதிலும் முன்னோடி நம் தென்னாற்காடு. செஞ்சி வட்டாரத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. சிங்ககட் டேச்சாவில் அது நெடுநாள் குடியிருந்தது போல இருக்கிறதே தவிர, தானாஜி அதை ருசித்திருக்க வழியில்லை.

செஞ்சியைச் சொன்ன பிறகு அதை விட்டுப் போக முடியாது. 1689-இல் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொன்றபோது, தம்பி ராஜாராம் பன்ஹாளாவிலிருந்து தப்பினார். லிங்காயத யாத்திரிகர் வேடம், வழியில் கெளதி அரசி சென்னம்மாவின் அடைக்கலம், முடிவில் செஞ்சி. எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகரம் தமிழ் மண்ணில் இருந்தது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் அதை முற்றுகையிட்டான். ஆனால் வெளியே சுற்றிய மராட்டியக் குதிரைப்படைகள் தானிய வண்டிகளை மறித்ததால், ஒரு கட்டத்தில் பட்டினி கிடந்தது கோட்டைக்குள் இருந்தவர்கள் அல்ல, முற்றுகையிட்டவர்கள். செஞ்சியின் ராஜகிரிக் குன்றின் அடியில் இன்றும் நிற்கும் களஞ்சியத்தின் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். சிவாஜியின் முதல் மராத்தி வரலாற்றை கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதியதும் இந்த முற்றுகைக் காலத்தில், செஞ்சியில், ராஜாராமின் ஆணைப்படிதான். சிவாஜியைப் பற்றி இன்றுவரை வந்த எத்தனையோ நாவல்களுக்கும் படங்களுக்கும் மூல ஊற்று நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நாம் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை. 1698-இல் செஞ்சி விழுமுன் ராஜாராம் தப்பி வடக்கே போனார். 1700 மார்ச்சில் அவர் உயிர்விட்ட இடம் சிங்ககட். சமாதி அங்கே இருக்கிறது.

ஆட்கள் போன வழியில் அடுப்புகளும் போயின. சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்து ஆண்டபோது, அரசி தீபாபாயின் ஆதரவில் ரகுநாத பண்டிதர் ‘போஜன குதூகலம்’ என்ற சமஸ்கிருத நூலில் தானியங்களையும் பண்டங்களையும் அவற்றின் குணங்களையும் தொகுத்தார். பின்னாளில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற சுவடியாகச் சரஸ்வதி மகாலில் தங்கியது. சாம்பார் சம்பாஜிக்காகப் பிறந்தது என்ற கதையை நான் பொருட்படுத்துவதில்லை. சொல்ல இனிமையானது, அவ்வளவே. பிட்லாவும் தஞ்சைப் பிட்லையும் உறவு என்பதை மட்டும் நம்புகிறேன். காவிரிக் கரைக்கு வந்ததும் கடலைமாவு ஒதுங்கி, வறுத்தரைத்த கடலைப்பருப்பும் மல்லி விதையும் தேங்காயும் புளியும் சேர்ந்துகொண்டன. வறண்ட மலையில் பிறந்த குழம்புக்கு ஆற்றங்கரையில் சதை போட்டது.

1818-இல் சிங்ககட் ஆங்கிலேயரிடம் போனது. வீரர்கள் இறங்கினார்கள், கோடையில் காற்று வாங்கும் துரைமார் ஏறினார்கள். பிறகு திலகர் அங்கே வீடு வைத்துக்கொண்டார். காந்தி வந்து அவரைச் சந்தித்தார். பாக்ரியும் அரசியலுக்குள் வந்தது: 1995-இல் மகாராஷ்டிர அரசு, பிட்லாவைக் கெட்டியாகக் கிளறிய ஜுண்காவையும் பாக்ரியையும் 1 ரூபாய்க்கு விற்கும் கடைகளை மாநிலமெங்கும் திறந்தது. சில ஆண்டுகளில் திட்டம் ஓய்ந்தது. ஆனால் ஒரு காலத்தில் கோதுமைச் சப்பாத்தி சாப்பிட வசதியில்லாதவர்களின் உணவாக இருந்த பாக்ரியை, இன்று புனே உணவகங்களில் வசதியானவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியப் போர்க்கோட்டைகள் 12-ஐ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. சிங்ககட் பட்டியலில் இல்லை. அடுப்புகளுக்கு அதனால் குறைவில்லை. போக நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். புனேயைச் சுற்றிய வயல்களில் இளஞ்சோளக் கதிரைச் சாணித் தணலில் சுட்டு உதிர்க்கும் ஹுர்டா கிடைக்கும் பருவம் அது. பாஜிராவ் குதிரைமேல் தின்றதற்கு நெருங்கிய பண்டம் வேறில்லை. சுவார்கேட்டிலிருந்து நகரப் பேருந்தில் அடிவாரத்துக்குப் போய், ஆட்கர்வாடி வழியாக நடந்து ஏறுங்கள். மேலே தட்டு கேட்கும்போது நாச்ணி பாக்ரி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதையும் பிட்லாவையும் வெங்காயத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, டேச்சாவைப் பிறகு தொடுங்கள்.